வீட்டிலேயே செய்யும் சின்னச் சின்ன கிறிஸ்துமஸ் அலங்காரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் பாதி தாண்டியதும் இந்தக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். சர்ச்சில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், மாடி வீட்டு அக்கா, போனில் தங்கச்சி என்று ஆளாளுக்குக் கேட்டதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மரத்தில் தொங்கவிட, கதவில் மாட்ட, பரிசாகக் கையில் கொடுக்க என்று உள்ளங்கை அளவுப் பொருள்கள் மட்டும்தான் இதில் இருக்கின்றன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் பாதிக்கு மேல் குளிரும் வறண்ட காற்றும் உள்ள நாடுகளுக்கு எழுதப்பட்டவை. நம் டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை இன்னும் முழுசாக ஓய்ந்திருக்காது. துவைத்த துணியே இரண்டு நாள் காய்கிற ஊரில் மாவு பொம்மை எப்படிக் காயும் என்பதையும் யோசித்துத்தான் கீழே உள்ளதை எழுதியிருக்கிறேன்.

முதல் தடவை செய்யப் போகிறேன். எதில் தொடங்கலாம்?

உப்பு மாவில் தொடங்குங்கள். மைதா, உப்பு, தண்ணீர் மூன்றும் வீட்டிலேயே இருக்கும். சரியாக வராவிட்டால் திரும்பப் பிசைந்துகொள்ளலாம். நீங்கள் இருப்பது கடலோர ஊர் என்றால் மட்டும் உப்பு மாவை விட்டுவிட்டு, கொஞ்சம் கீழே சொல்லியிருக்கும் சோடா மாவுக்குப் போய்விடுங்கள். மாவே வேண்டாம் என்கிறவர்களுக்குத் துணி உருண்டை இருக்கிறது, அதையும் பிறகு சொல்கிறேன்.

உப்பு மாவுக்கு அளவு என்ன?

மைதா 2 கப், பொடி உப்பு 1 கப், தண்ணீர் முக்கால் கப்பிலிருந்து 1 கப் வரை. எந்தக் கப்பாக இருந்தாலும் மூன்றையும் அதே கப்பால் அளக்க வேண்டும். கல் உப்பைப் போட்டால் நறநறவென்று நின்று, காய்ந்த பிறகு மேலே குழி குழியாகத் தெரியும். கல் உப்புதான் இருக்கிறதென்றால் மிக்ஸியில் நைசாகப் பொடித்துக்கொள்ளுங்கள்.

மாவையும் உப்பையும் முதலில் கலந்துவிட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசையுங்கள். சப்பாத்திப் பதம் இதற்கு ஆகாது, பூரி மாவுபோல இறுக்கமாக வேண்டும். 10 நிமிடமாவது உள்ளங்கையால் அழுத்திப் பிசைந்தால்தான் வழவழப்பு வரும். உருட்டும்போது ஓரம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை, கையில் ஒட்டினால் கூடிவிட்டது என்று அர்த்தம்.

தேய்ப்பதற்கு ஒரு வழி: மாவின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒரு பென்சிலைப் படுக்க வைத்து, பூரிக்கட்டையை அவற்றின் மேலே உருட்டுங்கள். பென்சிலின் கனத்துக்கு, அதாவது ஏறக்குறைய 7 மி.மீ.க்கு, மாவு சமமாக நிற்கும். இதைவிடக் கனமாக இருந்தால் உள்ளே காயாது. மெலிதாக இருந்தால் காயும்போது ஓரம் வளைந்துகொள்ளும். வட்டத்துக்கு டம்ளர் போதும். நட்சத்திரத்துக்கு அட்டையில் ஒன்று வெட்டி, மாவின் மேல் வைத்துச் சுற்றிலும் கத்தியால் அறுத்துவிடலாம். கயிறு கோக்கிற துளையை மாவு ஈரமாக இருக்கும்போதே போட்டுவிடுங்கள், அதுவும் ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே தள்ளி. காயும்போது துளை கொஞ்சம் சுருங்கும். அதனால் ஊசியால் குத்தாமல் பேனா மூடி அளவுக்குப் போடுங்கள்.

ஓ.டி.ஜி. என்கிற சின்ன மின்சார ஓவன் இருந்தால் 110 முதல் 120 டிகிரியில் 2 முதல் 3 மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டு. சீக்கிரம் ஆகட்டும் என்று சூட்டை ஏற்றினால் நடுவில் கொப்புளம் போல உப்பிக்கொள்ளும். வெந்துவிட்டதா என்று பார்க்க, ஆறவிட்டு நகத்தால் தட்டுங்கள். ‘டக் டக்’ என்று கேட்க வேண்டும். சத்தம் மந்தமாக இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

ஓவன் இல்லை. என்ன செய்வது?

வெயில் அடித்தால் மொட்டை மாடி போதும். மூன்று நான்கு நாள், தினமும் திருப்பிப் போட்டு, மாலை ஆனதும் உள்ளே எடுத்துவிட வேண்டும். மழை நாளில் ஒரு நாள் முழுக்க ஃபேன் காற்றில் காயவிட்டு, பிறகு அடிகனமான வாணலியில் ஸ்டாண்டு போட்டு, அதன்மேல் தட்டில் வைத்து, மூடி, இருக்கிறதிலேயே சிறிய தீயில் வையுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து, அதில் கோத்திருக்கும் நீரைத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது சொட்டு சொட்டாக மாவின் மேலேயே விழும். மைக்ரோவேவில் வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சூடு ஒரே சீராக இருக்காது, பாதி பொம்மை உப்பும், பாதி கருகும்.

போன வருஷம் செய்தது ஒரே வாரத்தில் பிசுபிசுத்துவிட்டது. ஏன்?

உப்புதான் காரணம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் தண்ணீர் விடுகிறதல்லவா, அதே வேலைதான் பொம்மைக்குள்ளும் நடக்கிறது. தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னை போன்ற ஊர்களில் டிசம்பர் விடியற்காலையில் அவ்வளவு ஈரம் இருப்பது சாதாரணம்.

இதைத் தடுக்க, பெயின்ட் அடித்துக் காய்ந்த பிறகு அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு கோட் கொடுக்க வேண்டும். முன்பக்கம், பின்பக்கம், ஓரம், முக்கியமாக அந்தத் துளையின் உள்பக்கம் எல்லாமே மூடியிருக்க வேண்டும். பெரும்பாலும் கோட்டை விடுவது துளையில்தான். கயிறு போகிற இடத்தில் ஈரம் ஏறி, அந்த இடம் நெகிழ்ந்து, பொம்மை அறுந்து விழும். வார்னிஷுக்குப் பதில் ஃபெவிகாலைத் தண்ணீரில் கலந்து பூசுகிறார்கள். மழை ஊருக்கு அது சரிப்படாது, ஈரம் பட்டால் ஃபெவிகால் பூச்சே ஒட்ட ஆரம்பித்துவிடும்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், சோடா மாவு செய்யுங்கள். ஆப்ப சோடா 2 கப், கார்ன்ஃப்ளவர் 1 கப், தண்ணீர் ஒன்றேகால் கப். பேக்கிங் பவுடர் வேண்டாம், ரொட்டி சுடுகிற சோள மாவும் வேண்டாம். மூன்றையும் கட்டியில்லாமல் கரைத்து, மிதமான தீயில் கைவிடாமல் கிளற வேண்டும். முதலில் பால் மாதிரி இருப்பது சட்டென்று திரண்டு, மசித்த உருளைக்கிழங்கு பதத்துக்கு வந்துவிடும். அந்த நொடியே இறக்கிவிடுங்கள், அதற்கு மேல் கிளறினால் பிறகு வெடிக்கும். ஈரத்துணி போட்டு மூடி ஆறவைத்து, பிசைந்து தேய்த்து வெட்ட வேண்டியதுதான். நல்ல வெள்ளை நிறம் வரும், பெயின்ட் அடிக்காமலே அழகாக இருக்கும். உப்பு மாவு அளவுக்கு ஈரத்தை இழுக்காது. ஒரு குறை உண்டு: கீழே விழுந்தால் உப்பு மாவைவிடச் சீக்கிரம் உடையும்.

எறும்பு, எலி, நாய்?

வார்னிஷ் நன்றாக மூடியிருந்தால் எறும்பு அண்டாது. எலி மைதாவைத் தேடி வரும், அதனால் எடுத்து வைப்பது டின்னில்தான். நாய் வளர்க்கிறவர்கள் கவனமாக இருங்கள். உப்பு மாவு பொம்மையைக் கடித்துத் தின்றால் அதிலுள்ள உப்பே நாய்க்கு விஷமாகிவிடும், உயிருக்கே ஆபத்து. மரத்தின் கீழ்க் கிளைகளில் துணிப் பொருளையும் ஓலைப் பொருளையும் மட்டும் தொங்கவிடுங்கள்.

பெயரைத் தமிழில் எழுத ஆசை. ஆனால் அசிங்கமாக வருகிறதே?

கடையில் விற்கும் எழுத்து அச்சுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதனால் தமிழில் எழுதக் கைதான் வழி. அது நல்லதுதான் என்று எனக்குப் படுகிறது, கையெழுத்து வந்துவிடுகிறதே.

ஈர மாவில் கத்தியாலோ குச்சியாலோ இழுத்து எழுதினால் சுழி வரும் இடமெல்லாம் மாவு பிய்ந்து, ‘ஜ’வும் ‘ஸ’வும் அடையாளம் தெரியாமல் போகும். இழுக்காதீர்கள், குத்துங்கள். பெயரைப் பட்டர் பேப்பரில் வேண்டிய அளவுக்கு எழுதி, மாவின் மேல் வைத்து, எழுத்தின் கோட்டிலேயே குண்டூசியால் 2 மி.மீ.க்கு ஒரு புள்ளியாகக் குத்திக்கொண்டே போங்கள். பேப்பரை எடுத்தால் எழுத்து புள்ளிக் கோடாக விழுந்திருக்கும். பிறகு பல்குச்சியின் மழுங்கிய முனையால் புள்ளிகளை மெதுவாக அழுத்திச் சேர்த்துவிடுங்கள். மெய்யெழுத்தின் புள்ளிக்கு மட்டும் ஈர்க்குச்சியால் ஆழமாக ஒரு குத்து. காய்ந்த பிறகு அந்தக் குழிகளில் தங்க நிறத்தை ஒரு பொட்டு வைத்தால் பெயர் முழுக்கப் பளிச்சென்று எழுந்து நிற்கும்.

எழுத்து 1.5 செ.மீ. உயரமாவது இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் ‘கிறிஸ்டோபர் தேவசகாயம்’ எந்த நட்சத்திரத்திலும் அடங்காது. வீட்டில் கூப்பிடுகிற பெயரை எழுதுங்கள். ‘குட்டிமா’, ‘ராசா’, நாகர்கோவில் பக்கமென்றால் ‘மக்ளே’. முழுப் பெயரைப் பார்த்து யாரும் பூரித்துப் போய் நான் பார்த்ததில்லை. செல்லப் பெயரைப் பார்த்தால் முகம் மாறும்.

முழுப் பெயர்தான் வேண்டுமென்றால் அவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. சிலர் ஜான், சிலர் ஜாண். மாற்றி எழுதிக் கொடுத்தால் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்கள், தொங்கவிட மாட்டார்கள்.

மார்க்கரில் எழுதுகிறவர்களுக்கு: பெர்மனன்ட் மார்க்கர் மை சில வார்னிஷ் பட்டால் கரைந்து பரவும். ஒரு உடைந்த துண்டில் எழுதி, வார்னிஷ் பூசிப் பார்த்துவிட்டு அப்புறம் நல்லதில் கை வையுங்கள்.

பெயர் எழுதுவதைத் தவிர, இது அவருக்காகவே செய்தது என்று தெரிய வேறு என்ன செய்யலாம்?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும். பெயர் எழுதித் தர ஆயிரம் கடைகள் இருக்கின்றன. அந்த வீட்டில் கிடந்த ஒரு பொருள் அலங்காரத்துக்குள் வந்துவிட்டால் அதைக் கடையில் வாங்க முடியாது.

புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்குத் தலைக் கிறிஸ்துமஸ் பரிசு என்றால் எனக்குப் பிடித்தது அவர்களுடைய கல்யாணப் பத்திரிகையிலேயே செய்த நட்சத்திரம். வெளி அட்டை மடியாது, உள்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளத்தில் நான்கு பட்டைகள் வேண்டும். நீளம் போதாவிட்டால் இரண்டு துண்டை ஒட்டிக்கொள்ளலாம். மணமக்கள் பெயர் அச்சான வரி நட்சத்திரத்தின் நடுச் சதுரத்தில் வருகிற மாதிரி பட்டையை மடிக்க வேண்டும். அதற்குப் பெயர் உள்ள பட்டையை முதலில் மடித்து, எழுத்து வெளியே தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மற்ற மூன்றையும் பின்னுங்கள். பின்னுகிற முறை கீழே ஓலை நட்சத்திரத்தில் இருக்கிறது.

அடுத்தது சேலை. கிழிந்துபோன பட்டுச்சேலையின் ஜரிகைக் கரை ஒவ்வொரு வீட்டிலும் பீரோவின் அடியில் கிடக்கும். பழைய துணியை எலுமிச்சை அளவுக்கு உருண்டையாகச் சுருட்டி நூலால் இறுக்கிக் கட்டி, அதன்மேல் சேலைத் துண்டைச் சுற்றி, கழுத்தில் ஜரிகையைக் கட்டிவிட்டால் போதும். தைக்கவே வேண்டாம். அம்மாவின் ஒரு சேலையிலிருந்து அக்கா தங்கைகள் எல்லோருக்கும் ஆளுக்கொன்று செய்து கொடுக்கலாம். விழுந்தாலும் உடையாது, மழைக்கும் ஒன்றும் ஆகாது.

பாட்டி எழுதி வைத்த பலகாரக் குறிப்பு, அப்பா அனுப்பிய பழைய இன்லேண்ட் லெட்டர் போன்றவற்றிலிருந்து ஒரு வரியை எடுத்து மரத்துண்டில் பதிக்கலாம். அசலைத் தொடாதீர்கள். ஜெராக்ஸ் எடுக்கிற கடையில் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி ஒரு பிரதி கேளுங்கள். மரத்துண்டில் அக்ரிலிக் மீடியம் என்கிற நிறமில்லாத பூச்சைப் பூசி, பிரதியைக் குப்புற ஒட்டி, ஒரு இரவு காயவிட்டு, மறுநாள் ஈரவிரலால் தாளைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தால் எழுத்து மட்டும் மரத்தில் தங்கிவிடும். டோனர் போடுகிற ஜெராக்ஸும் லேசர் பிரின்டும் மட்டுமே இப்படிப் பதியும். வீட்டு இங்க்ஜெட் பிரின்டரில் எடுத்தது கலங்கிப் போய்விடும்.

குழந்தையின் கைத்தடம் எடுக்க முடியவில்லை, விரலை மூடிக்கொள்கிறது.

கையை விட்டுவிட்டுப் பாதத்தை எடுங்கள். நன்றாகத் தூங்கும்போது, மாவைக் கீழே வைத்துப் பாதத்தை அழுத்தாமல், மாவை எடுத்துக்கொண்டுபோய்ப் பாதத்தில் ஒற்ற வேண்டும். குதிகாலிலிருந்து விரல் பக்கமாக. உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், உப்பு தோலில் நிற்கக் கூடாது. காலில் கீறலோ புண்ணோ இருந்தால் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். பின்பக்கம் வருஷத்தைக் குறித்து வையுங்கள், பத்து வருஷம் கழித்து எந்தப் பிள்ளையின் பாதம் என்று வீட்டில் சண்டை வரும்.

பனை ஓலையில் நட்சத்திரம் செய்வது கஷ்டமா?

குருத்தோலை ஞாயிறு அன்று சர்ச்சில் உட்கார்ந்தே ஓலையில் சிலுவை மடிக்கிற கை உங்களுடையது என்றால் கஷ்டமே இல்லை. தென் மாவட்டங்களில் பனை ஓலைக்குப் பஞ்சம் கிடையாது. தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டில் பெண்கள் ஓலையில் பெட்டியும் அலங்காரப் பொருள்களும் முடைகிறார்கள். சாயம் ஏற்றிய ஓலையை இப்படி முடைகிறவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வெளிர் மஞ்சளாக இருக்கும் குருத்தோலையை நிழலில் உலர்த்தி, நடு ஈர்க்கை நீக்கி, 1 செ.மீ. பட்டையாகக் கிழித்துக்கொள்ளுங்கள். மடிக்கப் போகும் முன்பு ஈரத்துணியால் ஒருமுறை உருவிவிட வேண்டும். காய்ந்த ஓலை மடிப்பில் விண்டுவிடும்.

நான்கு பட்டைகளையும் நடுவில் மடித்துக்கொள்ளுங்கள். ஒன்றின் மடிப்பு வளைவுக்குள் அடுத்ததன் இரண்டு வாலையும் செலுத்தி, அதை மூன்றாவதற்குள், மூன்றாவதை நான்காவதற்குள், நான்காவதன் வாலை முதலாவதன் வளைவுக்குள் விட்டு நான்கு பக்கமும் இழுத்தால் நடுவில் ஒரு சின்னச் சதுரம் இறுகும். பக்கத்துக்கு இரண்டாக எட்டு வால் நிற்கும். மேலே இருக்கும் நான்கு வாலையும் வரிசையாக ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து, கடைசியை முதலாவதன் அடியில் செருகுங்கள். இதுவரை வந்துவிட்டால் மீதி எளிது. ஒவ்வொரு வாலையும் பின்பக்கமாக ஒரு மூலை, கீழ்நோக்கி ஒரு மூலை மடித்து முக்கோணமாக்கி, நுனியைச் சதுரத்தின் அடியில் செருக வேண்டும். முன்னால் நான்கு, திருப்பிப் பின்னால் நான்கு என எட்டு முனை கிடைக்கும். உபரி வாலை வெட்டிவிடலாம்.

ஜெர்மனியில் இதே நட்சத்திரத்தைத் தாளில் மடிப்பார்கள். கிண்டர்கார்ட்டனைத் தொடங்கிய ஃப்ரோபெல் பெயரால் அது அழைக்கப்படுகிறது. தாளில் செய்யும்போது நடுவிலிருந்து குத்திட்டு நிற்கும் முனைகளையும் சேர்த்து 16 வரை கொண்டுவருவார்கள். ஓலையில் எட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது, அதற்கு மேல் வளைத்தால் ஓலை தாங்காது.

வாசலில் கட்டுகிற ஸ்டாரைச் சின்னதாகச் செய்ய முடியுமா?

முடியும், பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. மூங்கில் சிம்புக்குப் பதில் தென்னை ஈர்க்கு. 15 செ.மீ. நீளத்தில் பத்து, 3 செ.மீ. நீளத்தில் ஐந்து. ஐந்தைந்தாக இரண்டு தட்டை நட்சத்திரம் கட்டி, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். ஈர்க்குகள் உள்ளே குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடம் ஐந்து இருக்கும். அங்கே ஒவ்வொன்றிலும் முன் நட்சத்திரத்துக்கும் பின் நட்சத்திரத்துக்கும் இடையில் சின்ன ஈர்க்கை முட்டுக் கொடுத்தால் நடு உப்பிக்கொண்டு ஸ்டார் உருவம் வந்துவிடும். பட்டம் செய்யும் தாளை மைதாப் பசையில் ஒட்டுங்கள். உள்ளே பேட்டரி எல்.இ.டி. சரம் போதும். பழைய குண்டு பல்பைத் தாளுக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம்.

முள்ளு முள்ளாக நிறைய முனையோடு ஒரு ஸ்டார் விற்கிறார்களே, அது?

அது மொராவிய நட்சத்திரம். ஜெர்மனியின் நீஸ்கி ஊரில் மொராவிய சபை என்ற கிறிஸ்தவ சபை நடத்திய பள்ளியில் 19ஆம் நூற்றாண்டில் கணக்குப் பாடத்துக்காகச் செய்யத் தொடங்கியது. பொதுவாக 26 முனை, அதில் ஒன்றின் இடத்தில் பல்பு மாட்டினால் 25. வீட்டில் செய்யலாம், ஆனால் அத்தனை கூம்பையும் ஒட்டி முடிப்பதற்குள் கிறிஸ்துமஸ் போய்விடும். வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபிளாட்டில் இருக்கிறோம், மரம் வைக்க இடமில்லை. செய்ததை எங்கே தொங்கவிடுவது?

ஒரு சவுக்குக் கிளையைப் பூந்தொட்டி மணலில் ஊன்றினால் அதுதான் நம் ஊர் கிறிஸ்துமஸ் மரம். அதன் ஊசியிலைக் கொத்து கனமான பொருளைத் தாங்காமல் தொங்கிவிடும். அதனால் உப்பு மாவு பொம்மையைத் தண்டோடு சேர்த்துக் கட்டுங்கள், ஓலையும் தாளும் நுனிக்கு. கிளையோடு வரும் குட்டிக் காய்களைத் தூக்கிப் போட வேண்டாம். காயவைத்துத் தங்க நிறம் அடித்தால் தனியாக ஒரு அலங்காரம். அதற்கும் இடமில்லையா, ஜன்னல் கம்பியிலோ வாசல் நிலையிலோ ஒரு சணல் கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிடலாம்.

இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடிலைச் செய்து பரிசாகக் கொடுக்கலாமா?

தீப்பெட்டிக் குடில் கொடுங்கள். காலி தீப்பெட்டியின் உள்பெட்டியை நிமிர்த்தி வைத்து, உள்ளே இரண்டு மூன்று வைக்கோல் துண்டை ஒட்டுங்கள். நிலக்கடலைத் தோலின் ஒரு பாதிதான் முன்னணை, அதாவது மாட்டுத் தீவனத் தொட்டி. அதற்குள் வெள்ளைத் துணியில் சுற்றிய பயறு ஒன்று, குழந்தை இயேசு. மேல் உறையில் அந்தக் குடும்பத்தின் வீட்டுப் பெயரை எழுதி, கோல்டு தாள் ஒட்டினால், மூடினால் தீப்பெட்டி, திறந்தால் பெத்லகேம்.

மாதா, சூசையப்பர், மேய்ப்பர்கள் எல்லோரும் வேண்டாமா என்று கேட்பார்கள். இத்தாலியின் கிரேச்சியோவில் 1223இல் அசிசி நகர் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் வைக்கோல் நிரப்பிய முன்னணையும் ஒரு மாடும் ஒரு கழுதையும்தான் இருந்தன. ஆகவே கடலைத்தோல் குடிலில் குறை ஒன்றும் இல்லை. முழு செட் பொம்மை வேண்டுமென்றால் மதுரைப் பக்கம் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிறவர்களே குடில் பொம்மையும் செய்கிறார்கள்.

பெரிய குடிலுக்குப் பச்சைப் புல் வேண்டுகிறவர்கள் டிசம்பர் 14, 15 வாக்கில் தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகைத் தூவிவிடுங்கள். 24ஆம் தேதி சரியாக நிற்கும். வெளிச்சம் இல்லாத மூலையில் வைத்தால் மஞ்சளாக வெளிறிச் சாயும்.

பிள்ளைகள் கூட உட்கார்ந்து செய்வார்கள். எதில் கவனம் வேண்டும்?

குன்றிமணியைப் பயன்படுத்தாதீர்கள். சிவப்பும் கறுப்புமாகப் பார்க்க அழகாக இருக்கும், கடித்து விழுங்கினால் கொடிய விஷம். அதற்குப் பதில் சின்னச் சிவப்பு மணிகள் வாங்கிக்கொள்ளலாம், அதுவும் எல்லாவற்றையும் வாயில் போடுகிற வயது தாண்டியவர்களுக்கு மட்டும். எல்.இ.டி. மெழுகுவர்த்திகளில் இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கினாலும் பெரிய ஆபத்து. ஸ்க்ரூ போட்டு மூடுகிற வகையைப் பார்த்து வாங்குங்கள்.

கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களுக்குக் கொடுக்கலாமா?

தாராளமாக. கேக்கும் முறுக்கும் கொடுக்கிற தட்டிலேயே வையுங்கள். அவர்கள் வீட்டில் மரம் இருக்காது, ஆகவே காந்தம் ஒட்டி ஃபிரிட்ஜில் வைக்கிற மாதிரியோ சாவிக்கொத்து மாதிரியோ செய்தால் வருஷம் முழுக்கக் கண்ணில் படும். நட்சத்திரம், மணி, பிள்ளையின் பெயர் போதும். வசனம் எழுதுவது அவர்களுடன் உங்களுக்கு இருக்கும் பழக்கத்தைப் பொறுத்தது.

இந்த வருஷம் துக்கம் நடந்த வீட்டுக்கு?

பல குடும்பங்களில் அந்த வருஷம் ஸ்டார் கட்ட மாட்டார்கள், மரமும் வைக்க மாட்டார்கள். அலங்காரப் பொருளாக எதையும் கொண்டுபோய்க் கையில் திணிக்க வேண்டாம். நெருங்கியவர் என்றால், அடுத்த வருஷம் அவர்களே ஸ்டார் கட்டும்போது, போனவருடைய சட்டைத் துணியிலோ சேலையிலோ ஒரு உருண்டை செய்து தரலாம். துணியை அவர்களிடம் கேட்டு வாங்குங்கள், எந்தத் துணி என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

வெளியூருக்கு அனுப்பினால் உடையாமல் போகுமா?

ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துணியில் சுற்றி, பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வராத அளவுக்குப் பேப்பர் திணித்தால் போகும். வெளிநாட்டுக்கு என்றால் இன்னொன்று உண்டு. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் செடி கொடி சார்ந்த பொருள்களை எல்லையிலேயே சோதித்துப் பிடித்துவைக்கும். ஓலை, வைக்கோல், சவுக்குக் காய், விதை எதுவும் அங்கே அனுப்பாதீர்கள். சேலை உருண்டையும் பத்திரிகைத் தாள் நட்சத்திரமும் அனுப்புங்கள்.

எப்போது ஆரம்பிக்க வேண்டும்?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ வரும். மாவு வேலையை அதற்குள் முடித்துவிடுங்கள், காய்வதற்கு நாள் வேண்டும். ஓலையும் தாளும் டிசம்பர் இரண்டாம் வாரம் வரை தாங்கும். கேரல்ஸ் கோஷ்டி வீடு வீடாக வரத் தொடங்கிய பிறகு உங்களுக்கு எதற்கும் நேரம் இருக்காது.

செய்து விற்கலாமா?

விற்கலாம். ஆனால் தமிழில் பெயர் குத்துகிற வேலைக்கு ஒன்றுக்கு அரை மணி நேரம் ஆகும். அதற்கும் சேர்த்து விலை சொல்லுங்கள். மைதா, உப்பு விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் உங்கள் உழைப்பு முழுக்க இலவசம். சர்ச் விற்பனை விழாவில் பெயர் இல்லாத நட்சத்திரங்களை வைத்து, பெயருக்குத் தனியாக ஆர்டர் எடுப்பதே சரியாக வரும்.

அடுத்த வருஷம் வரை எப்படிப் பாதுகாப்பது?

பல வீடுகளில் ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் கழற்றுவார்கள். கழற்றிய அன்றே கட்டி வைக்காமல், நல்ல வெயிலில் ஒரு நாள் உலர்த்திவிட்டு எடுத்து வையுங்கள். பொங்கல் நெருங்க வெயில் வந்துவிடும். மாவுப் பொருளை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றி, காற்றுப் புகாத டின்னில் போட்டு, புது செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பாக்கெட் இரண்டு மூன்றை உள்ளே வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டினால் உள்ளே வேர்த்துவிடும். ஓலைக்குப் பூச்சி வராமலிருக்கக் காய்ந்த வேப்பிலை போதும். சேலை உருண்டையைச் சேலைகளோடு பீரோவிலேயே வைத்துவிடலாம். டின்னை பரணில் ஏற்றும்போது மேலே ‘கிறிஸ்துமஸ், உடையும்’ என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள், தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கிறவர் இறக்கிப் போடாமல் இருப்பார்.